ஒன்பதாம் அறைக்குக் கொடுத்த குரல்

செருப்புக்கடையில் பன்னிரண்டு வருஷம் ஊராரின் பாதங்களையெல்லாம் மடியில் தாங்கியவள், முப்பத்தைந்து வயதில், இனிக் குதிரைக் குளம்பைப் பிடித்துத்தான் பிழைப்பேன் என்று கிளம்பிவிட்டாள். இருபத்து மூன்று லாயங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். இருபத்திரண்டில் "அனுபவம் உண்டா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். கடைசி லாயம் மட்டும் ஒரு வாரம் வரச் சொன்னது. ஏழாம் நாள் ஒரு குதிரையை மேய்ச்சல் திடல்வரை நடத்திக் காட்டினால் மூன்று வருஷப் பயிற்சி.

"எலியைப் பார்த்தா கட்டில்மேல ஏறுவியே அக்கா!" என்று தம்பி புரண்டு சிரித்தான்.

"குதிரை என் கட்டிலுக்கு அடியில ஓடாதுடா" என்றாள். சிரித்துவிட்டாளே தவிர, கடையில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று. இது போனால் வேறு போக்கிடமில்லை.

லாயத்தின் மேலாளருக்கு இருபத்தாறு வயது. குதிரைகளிடம் தேனாகவும் மனிதர்களிடம் வேப்பெண்ணெயாகவும் பேசுவாள். "அறைக்குள்ள போறதுக்கு முன்னால குரல் குடுங்கக்கா. சத்தமில்லாம போனா பயந்து உதைக்கும். அப்புறம் உங்க எலும்பை நாங்க கூடையில அள்ளணும்."

எலும்புமேல் ஆசை உள்ளவள் ஆதலால் வரிசையாகக் குரல் கொடுத்துக்கொண்டே போனாள். அந்த உற்சாகத்தில் கடைசி அறையான ஒன்பதுக்கும் கொடுத்துவிட்டாள். உள்ளே வைக்கோல் இல்லை, வாளி இல்லை, குதிரையும் இல்லை. ஆனால் பட்டப்பகலில் அவள் பிடரியில் சூடாக ஒரு மூச்சு விழுந்தது.

மேலாளர் கையிலிருந்த, குதிரை தேய்க்கும் தூரிகை நழுவியது. "ஒன்பதுக்கா குடுத்தீங்க? அதுல இருந்த குதிரை, பார்த்துக்கிட்டவர் வேலையை விட்டுப் போனதும், தீவனத்தைத் தொடாமக் கிடந்து செத்துப்போச்சுக்கா. அந்தப் பக்கம் நாங்க வாயே திறக்கறதில்ல."

அன்றிலிருந்து அவளுக்குப் பின்னால் நான்கு கால்கள் நடந்தன. அவள் நின்றால் அவையும் நின்றன. நிரம்பி வழிந்த பேருந்தில்கூட அவள் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. லாயத்து எட்டுக் குதிரைகளும் அவளைக் கண்டால் காதை மடித்து, சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவதுபோல் ஒடுங்கின.

ஏழாம் நாளும் அப்படியே. எட்டும் மாட்டேன் என்றன.

"மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள் மேலாளர்.

அவள் தலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் அறைக்குப் போனாள். வாசலில் நின்று குரல் கொடுத்தாள். தோள் உயரத்தில், வெறும் காற்றில், கயிற்று வளையத்தை நீட்டினாள். வளையம் மெல்ல நிரம்பியது.

முற்றத்தில் லாடம் அடிப்பவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "காத்தை ஓட்டிட்டுப் போகுதுப்பா இந்தம்மா! அதுக்கு நாலு லாடமும் என் செலவு!"

பிறகுதான் ஈர மண்ணில் ஒவ்வொன்றாகப் பதியும் குளம்புகளைப் பார்த்தார். சுத்தியல் அவர் காலிலேயே விழுந்தது. வலி அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் உறைத்ததாம்.

திடலுக்குள் நுழைந்ததும் முறைப்படி அதன் முகத்தை வாயிற்கதவின் பக்கம் திருப்பிக் கயிற்றைக் கழற்றினாள். ஓடும் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. பின்னால் யாருமில்லை. ஏழு நாளில் முதல்முறையாக அவள் நிழல் மட்டுமே அவளோடு வந்தது.

"கயிறு ஒரு தடவைகூடத் தொய்யல. தேறிட்டீங்கக்கா."

பயிற்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது அவளுக்குக் குதிக்கலாம்போல் இருந்தது.

"நாலு மணிக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள் மேலாளர், காகிதத்தை மடித்தபடி. "திடல்ல விட்டவங்கதான் கூட்டிட்டு வரணும்."

"அதுதான் போயிடுச்சே!"

மேலாளர் முகவாயால் காட்டினாள். தூரத்தில், பொட்டுக் காற்றில்லாத வெயிலில், திடலின் கதவு ஆடிக்கொண்டிருந்தது. யாரோ கழுத்தைத் தேய்ப்பதுபோல், பொறுமையாக.

அவள் வைக்கோல் அள்ளும் கவைக்கோலை எடுத்தாள்.

"ஒன்பதுக்கு எவ்வளவு வைக்கோல் போடணும்?"

"நிறையவே போடுங்கக்கா. அது படுத்துத்தான் தூங்கும். வெறுந்தரையில புரளுறது என் ரூம் வரைக்கும் கேக்கும்."