பொதுக் கரண்டி

வெள்ளகோவில் கீதாவைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள வியாதி அத்தனையும் பிறக்கிற இடம் ஒன்றுதான்: பஃபே கரண்டியின் காம்பு. ஒருத்தன் கக்கூஸுக்குப் போய்விட்டு வருவான். கை கழுவினானா இல்லையா என்பது அவனுக்கும் அவன் குலதெய்வத்துக்கும் மட்டுமே தெரியும். வந்தவன் நேராகக் கரண்டியைப் பிடிப்பான். அடுத்து, மூக்கைக் குடைந்துகொண்டிருந்த குழந்தை பிடிக்கும். அதற்கப்புறம், தும்மலை உள்ளங்கையில் வாங்கிய பெரியவர். கடைசியில் காம்பு வழுக்கிச் சட்னிக்குள் விழும். “அந்தச் சட்னியத்தானுங்க எல்லாரும் நெம்ப நல்லா இருக்குதுன்னு நக்கறாங்க” என்பாள்.

அவள் கணவர் நஞ்சுண்டனுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. ஊரில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். அறை வாடகையில் காலை டிபனும் சேர்த்தி என்று ஓட்டல்காரர் சொன்ன நிமிஷத்திலிருந்து வயிற்றில் இடம் விட்டுவைக்க ஆரம்பித்தவர், முந்தின ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிட்டார்.

அவர்கள் கோயமுத்தூர் வந்தது மாப்பிள்ளை வீடு பார்க்க. மகள் நித்யஸ்ரீ பல் டாக்டர். மாப்பிள்ளை சபரீஷும் அவன் அம்மா சென்னியம்மாளும் போன மாதம் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா வேங்கடசாமிதான் வரவில்லை. சர்க்கரை எகிறி ஆஸ்பத்திரியில் இருந்தார். போட்டோவில் கோட்டு போட்டு, தலைக்கு மை அடித்து, யாரோ அமைச்சர் மாதிரி தெரிந்தார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணைக் கூட்டிப் போகிற வழக்கம் இல்லாததால் நித்யஸ்ரீ ஊரிலேயே இருந்துகொண்டாள்.

காலையில் கீதா டைனிங் ஹாலுக்குள் இறங்கிய கோலம் சாதாரணமானதல்ல. மகளின் பெட்டியிலிருந்து எடுத்துவந்த நீலக் கையுறை, மாஸ்க், தலைக்குப் போடும் வலைத்தொப்பி. ஒரு கையில் வீட்டுத் தட்டு, மறு கையில் வீட்டுக் கரண்டி.

“இதென்ன அம்மணி, ஆப்பரேசனுக்கா போற?” என்றார் நஞ்சுண்டன்.

“நீங்க போயி ஊரான் எச்சையத் தின்னுங்க. நான் கெடக்கறேன்.”

அவருக்கு அதற்கு மேல் அனுமதி தேவைப்படவில்லை. தட்டை நிரப்பிக்கொண்டு மூலை மேசைக்குப் போய், உலகத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

கீதா பொங்கல் பாத்திரத்தின் மூடியை முழங்கையால் தள்ளினாள். ஊர்க் கரண்டி எதுவும் தொடாத ஒரு மூலையைத் தேடிக் கண்டுபிடித்து, தன் கரண்டியை இறக்கி அள்ளினாள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு தட்டு நீண்டது.

“அக்கா, முந்திரி இருக்கற பக்கமாப் பாத்து ஒரு கரண்டி.”

கொங்கு நாட்டில் வளர்ந்த ஒரு பெண்ணின் முன்னால் யாராவது தட்டை நீட்டிவிட்டால், அப்புறம் அவள் வசத்தில் ஒன்றும் இல்லை. கை தானாகப் போடும். “இன்னுங்கொஞ்சம் வெக்கட்டுங்களா?” என்று வாய் தானாகக் கேட்கும். கேட்டும் விட்டாள். அந்த ஆளுக்குப் பின்னால் இன்னொரு தட்டு, அதற்குப் பின்னால் ஒரு குடும்பம்.

ஆல்வின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த சூப்பர்வைசர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். “கான்ட்ராக்டர் அனுப்புன அக்காங்களா? ரெண்டு பேரு லீவு, தவிச்சுப் போயிட்டனுங்க. கேசரியையும் சேத்துப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, அவள் மாஸ்க்கை இறக்குவதற்குள் தோசைக்கல் பக்கம் பறந்துவிட்டான்.

கீதா அப்போதே கரண்டியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். வரத்தான் பார்த்தாள். ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஒருத்தர் சாம்பார்க் கரண்டியை எடுத்துக் கேசரிக்குள் விட்டார். அவ்வளவுதான்.

“ஏனுங்க! அக்கட்ட நில்லுங்க. கரண்டியத் தொடாதீங்க. என்ன வேணுமோ வாயில சொல்லுங்க, நான் போடறேன்.”

கொஞ்ச நேரத்தில் மேசை முழுக்க அவள் ஆட்சிக்கு வந்துவிட்டது. இருமினவர்கள் வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு தகப்பனும் மகளும் கை கழுவிவரத் திருப்பியனுப்பப்பட்டார்கள். தொட்ட கரண்டிகளெல்லாம் வெந்நீருக்குப் போயின. ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. சொந்த வீட்டில் கூட இப்படி யாரும் அவள் பேச்சைக் கேட்டதில்லை. பசி மறந்து, கீதாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீல டிராக் சூட் போட்ட ஒரு பெரியவர் மட்டும் வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்காமல் கேசரிக்கே வந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை போட்டாள். மூன்றாம் தடவையும் போட்டாள். அடுத்து அவள் இட்லித் தட்டுப் பக்கம் திரும்பியபோது, அவர் கேசரிப் பாத்திரத்துக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டு, விரலையும் சூப்பிவிட்டு, மறுபடி விரலை உள்ளே விட்டார்.

“ஏனுங்க, கைய எடுங்க!” ஹால் முழுக்கக் கேட்டது. “பெரிய மனுசனாட்டம் இருக்கறீங்க, எச்சக் கைய உடறீங்களே! உங்கூட்டுலயும் இப்படித்தான் சட்டியில கைய உட்டுத் திம்பீங்களா?”

பெரியவர் விரலை எடுத்த வேகத்தில் கண்ணாடி நழுவியது. “மன்னிச்சுக்குங்க அம்மணி. ஊட்டுல கண்ணுலயே காட்டறதில்லீங்க. அதுதான் கை தன்னால போயிருச்சு.”

அதைச் சொன்ன குரலில் அவளுக்குக் கோபம் வடிந்துவிட்டது. பாத்திரத்தை மாற்றச் சொல்லி ஆல்வினைக் கூப்பிட்டாள். புதுப் பாத்திரம் வந்ததும் ஓரத்திலிருந்து ஒரு கரண்டி அள்ளி, மேலே இரண்டு முந்திரியை வைத்து, “இதுதான் கடைசி” என்று போட்டாள். அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அவள் சாப்பிட்டது, தானே தோல் உரித்த ஒரு வாழைப்பழம். அதற்குள் கிளம்ப நேரமாகிவிட்டது.

ஆர்.எஸ்.புரத்தில் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்ததும் கீதாவுக்கு மனசு குளிர்ந்தது. வாசலிலேயே குழாய். சென்னியம்மாள் கால் கழுவச் சொன்னாள், அப்புறம் கையும் கழுவச் சொன்னாள். சோபாவுக்கு வெள்ளை உறை, ஸ்விட்சுக்கெல்லாம் தினம் துடைத்த பளபளப்பு. நம்ம ஜாதகம் இல்லையா இது என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு வேங்கடசாமி வந்தார். கீதா எழுந்து கும்பிட்டாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது. காலையில் நழுவிய கண்ணாடி அதேதான்.

“நல்லா இருக்கறீங்களாங்க?” என்றாள்.

அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை. குரலைக் கேட்டிருக்கிறார். வேங்கடசாமி உட்காரப் போன நாற்காலியைத் தவறவிட்டு, கைப்பிடியில் உட்கார்ந்து எழுந்தார்.

“எங்கூட்டுக்காரரு நாக்க அடக்குன மனுசருங்க” என்று சென்னியம்மாள் ஆரம்பித்தாள். “ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து சக்கரையத் தொட்டதில்ல. விடிஞ்சா வாக்கிங்கு, வந்தா ராயிக்கஞ்சி.”

“மொகத்துலயே தெரியுதுங்க” என்றாள் கீதா.

காப்பி வந்தது. பேச்சு வந்தது. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது சென்னியம்மாள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஒண்ணு சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு லச்சணமாத்தான் இருக்குது. அந்த வேலைதானுங்க எனக்கு ஒப்பல. ஊருல இருக்கறவன் வாயிலயெல்லாம் கைய உட்டுப்போட்டு, அந்தக் கையோட எங்கூட்டு சமையக்கட்டுக்குள்ள வந்தா… நெனைச்சாலே கொமட்டுதுங்க. கல்யாணத்துக்கு அப்பறம் அதை உட்டறட்டும்.”

“உறை போட்டுட்டுத்தானுங்க பாக்கறா.”

“உறை போட்டாலும் கை கைதானுங்களே.”

இதே வாக்கியத்தைக் கீதா எத்தனையோ ஓட்டல் சிப்பந்திகளின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வாங்கும்போதுதான் அது எவ்வளவு தடித்த வாக்கியம் என்று உறைத்தது. அஞ்சு வருஷம் ராப்பகலாகப் படித்த பெண். நஞ்சுண்டன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சபரீஷ் வாயைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, மூடிக்கொண்டான். கீதாவுக்கு எல்லார் மேலும் ஒரேயடியாக எரிச்சல் வந்தது.

அவள் வேங்கடசாமி பக்கம் திரும்பினாள். குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

“சம்பந்தி ஒண்ணுஞ் சொல்லலீங்களே? அவிங்களுக்குத்தான் மனுசரைப் பத்தி நல்லாத் தெரியும். வாக்கிங் போற எடத்துல எத்தனையோ பேரைப் பாப்பாங்க.”

வேங்கடசாமியின் விபூதி வேர்வையில் கரைந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு, அந்த வீட்டில் பல வருஷங்களாக யாரும் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்:

“சென்னி, அந்தப் புள்ள வேலைய உடக் கூடாது.”

“என்னுங்க திடீர்னு?”

“என்ற கடவாப் பல்லு ஆறு மாசமா வலிக்குது. உன்கிட்டச் சொன்னா என்னத்தத் தின்னீங்கன்னுதான் கேப்ப. சொல்றதுக்கு இந்த ஊட்டுல ஒரு ஆளு வேணும்.”

மிரட்டலுக்குப் பயந்து ஏதாவது பொய் சொல்வார் என்றுதான் கீதா எதிர்பார்த்தாள். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்ட விதத்தில் அது நிஜம் என்று தெரிந்தது. சென்னியம்மாளுக்கும் தெரிந்தது போல. அவள் முகம் ஒரு நிமிஷம் என்னவோ ஆகிவிட்டது.

“ஆறு மாசமாவா? எங்கிட்டச் சொல்லாமயா? எந்தப் பல்லு? வாயத் தொறங்க, பாக்கறேன்.”

அவள் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். வேங்கடசாமி வாயை இறுக மூடிக்கொண்டு, கண்களால் மட்டும் கீதாவைக் கெஞ்சினார். அந்தச் சொத்தைப் பல்லுக்குள் காலை முந்திரி எந்த நிலைமையில் கிடக்கிறதோ, அவருக்குத்தான் தெரியும்.

கீதா எழுந்து குறுக்கே வந்தாள். “வேண்டாமுங்க. கை படக் கூடாதுங்க, கிருமி தொத்திக்கும். நித்யா வந்து பாக்கட்டும்.”

கிருமி என்ற சொல்லுக்குச் சென்னியம்மாள் சட்டென்று கட்டுப்பட்டாள். டார்ச் அணைந்தது. வேங்கடசாமி மூக்கு வழியாக நீளமாக மூச்சு விட்டார்.

“அவங்க கிளினிக் வெக்கட்டும்னுதாம்மா நானும் நெனைச்சேன்” என்றான் சபரீஷ். நல்ல பையன்தான், கொஞ்சம் லேட்டு என்று கீதா மனதுக்குள் மதிப்பெண் போட்டாள்.

“சரி. ஆனா குளிச்சுப்போட்டுத்தான் சமையக்கட்டுக்குள்ள வரோணும்” என்றாள் சென்னியம்மாள்.

“குளிக்கட்டுங்க. தம்பியும் குளிச்சுப்போட்டு அவகூட வந்து காய் நறுக்கட்டும்.”

யாரும் எதிர்பாராமல் சென்னியம்மாள் சிரித்துவிட்டாள். வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்க்கிற பேச்சு அப்படியே தொடர்ந்தது. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது வேங்கடசாமி மெதுவாக, “பெரிய ஒபகாரமுங்க அம்மணி” என்றார். “இனி அந்தப் பக்கம் வாக்கிங் வேண்டாமுங்க” என்றாள் அவள், அதைவிட மெதுவாக.

நாள் குறிக்கும் முன்னால் கை நனைக்கக் கூடாது என்பதால் அங்கே சாப்பாடு இல்லை. பல்லடம் தாண்டுவதற்குள் கீதாவுக்குக் கண் இருட்டியது. ரோட்டோரத்தில் ஒருத்தர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். காரை நிறுத்தச் சொன்னாள்.

நஞ்சுண்டன் காலைப் பொங்கலை ஏப்பமாக வெளியே விட்டபடி கேட்டார்: “அதென்ன, அந்த மனுசன் உன்னையப் பாத்துப் பாத்து அப்படி வேர்த்துக் கொட்டுனாரு?”

“வெயிலுங்க.”

பஜ்ஜிக்காரர் வெறுங்கையால் நியூஸ் பேப்பரில் எடுத்துவைத்ததை வாங்கிக் கடித்தாள். நாக்கு சுட்டது. இன்னொன்று கேட்டாள். அதையும் மென்றுகொண்டே மகளுக்குப் போன் போட்டாள்.

“கண்ணு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மாமியா சித்த ஒரு மாதிரி, நான் பாத்துக்கறேன். மாமனாருக்கு ஒரு கடவாப் பல்லு புடுங்கோணும். வலிக்காமப் புடுங்கு. பாவம், நல்ல மனுசன்.”