பித்தளைப் பாத்திரங்கள் மன்னிப்புக் கேட்ட வாரம்

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு, சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் அத்தனையும் மன்னிப்புக் கேட்டன. குடம், சொம்பு, தூக்குவாளி என்ற பாகுபாடு இல்லை. "இந்தா, இங்க பாரு. நான் செஞ்சது தப்புதான். வீட்டுக்கு வந்துடு" என்று சளி பிடித்த ஆண் குரலில் மூன்று தடவை சொல்லிவிட்டு ஓய்ந்தன. அன்று வெயில் அதிகம், மழை இல்லை. தெருவில் இருந்த சீனர்கள் இரும்புச் சட்டியில் சமைப்பவர்கள், அதனால் தப்பித்தார்கள். மற்ற வீடுகளில் பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைத் தொடர்ந்தார்கள். பாத்திரம் பேசியதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. ஓர் ஆம்பளை தப்பை ஒத்துக்கொண்டதுதான் கொஞ்ச நேரம் பேச்சாக இருந்தது.

குரலுக்குச் சொந்தக்காரர் அப்துல் கையூம். கடையநல்லூர்க்காரர், தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். ஊரார் கடிகாரங்களையெல்லாம் சரியான நேரம் காட்டவைத்துவிட்டு, சோறு ஆறிப்போன பிறகு வீட்டுக்கு வருகிற மனுஷன். பெரிய பிஸ்கட் டின்னுக்குள் ஒரே ஒரு ரேடியோ வால்வை வைத்துச் சொந்தமாக ஓர் ஒலிபரப்பி கட்டியிருந்தார். அவர் மைக்கில் பேசினால் எதிர்வரிசை நகைக்கடைப் பரமசிவத்தின் ரேடியோவில் கேட்கும். அதற்கடுத்த கடையில் கேட்காது. ஜன்னலைத் திறந்தாலே பரமசிவத்துக்கு அந்தப் பேச்சு கேட்டிருக்கும் என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம் என்று தெரிந்ததால், அதைப் பற்றி நாங்கள் ரகசியமாக, தெரு முழுக்கப் பேசிக்கொண்டோம்.

ஜனவரியில் அந்த டின்னுக்குள் வைக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டியிருந்தது. கையூம் அதைத் தன் மனைவி ருக்கையாவின் ரேடியோவிலிருந்து கழற்றினார். அந்த ரேடியோ ருக்கையாவின் அத்தா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. பன்னிரண்டு வாரம் ஓடிய நாடகத்தின் கடைசிப் பகுதி அன்று சாயங்காலம் வரவிருந்தது. ருக்கையா ரேடியோவைத் திருகினார், தட்டினார், பின்பக்கம் திறந்து பார்த்தார். பிறகு நாலு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க அந்தப் பொட்டியோடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு, தஞ்சோங் பகாரில் இருந்த அக்கா பதுருன்னிசா வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் தெரு போய்ச் சேருகிற சிராங்கூன் ரோட்டிலிருந்து தஞ்சோங் பகாருக்கு ஒரே பஸ்தான். ஏறிப் போய், தப்பு என் பேரில்தான் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வரலாம். அது கையூமுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பெண்டாட்டியின் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட, மூன்று மைல் தூரத்துக்கு மன்னிப்பை ஒலிபரப்புவதுதான் மரியாதை என்று அவர் முடிவு செய்தார். தெருவே அதை ஆதரித்தது. பதுருன்னிசா வீட்டில் ரேடியோவே கிடையாது என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. புத்திசாலிகள் நிறைந்த தெரு எங்களுடையது.

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில், ராணுவம் கழித்துப்போட்ட பெரிய வால்வு ஒன்று கிடைத்தது. அதை மாட்டியதும் தெருவிளக்குகள் மங்கின, பரமசிவத்துக்கு அடுத்த கடையிலும் குரல் கேட்டது. இன்னொரு வால்வு போட்டார், அதற்கடுத்த கடையில் பாதி கேட்டது. சக்தியை நாலு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும் என்று அவருடைய புத்தகத்தில் இருந்தது. இந்தக் கணக்கில் போனால் தஞ்சோங் பகாரை எட்டுவதற்குள் பேரப்பிள்ளை எடுத்துவிடலாம். துணி காயப்போடும் கம்பிகளையெல்லாம் அவிழ்த்துக் கொடுத்தோம். கூரைக்குக் கூரை இழுத்து ஏரியல் கட்டினார். ஒரு வாரம் ஈரத்துணி உடுத்தியதுதான் மிச்சம். கடைசியில் பரமசிவம்தான், எர்த் கம்பி சிமெண்ட் தரையில் அடித்த ஓர் ஆணியில் கட்டியிருப்பதைக் கவனித்தார். "பாய், மேல எவ்வளவு ஏத்தினாலும் கீழ பிடிமானம் வேணும்லா" என்றார். பின்கட்டில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, ஒரு செப்புப் பாத்திரத்தைப் புதைத்துக் கம்பியை அதில் கட்டச் சொன்னார். கையூம் வீட்டில் செப்பு என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது ருக்கையா கடையநல்லூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வெந்நீர் அண்டா. ரேடியோவைக் கழற்றிய தப்புக்கு மன்னிப்புக் கேட்க அவர் அண்டாவைப் புதைத்தார்.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை எங்கள் வட்டாரமான தேக்கா முழுக்கப் பாத்திரங்கள் பேசின, வியாழக்கிழமை தீவின் வடகோடியில் செம்பவாங் வரைக்கும். அங்கே அம்மா வீட்டில் தீபாவளியிலிருந்து கோபித்துக்கொண்டிருந்த பரமசிவத்தின் மனைவி மங்களம், வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு வந்து இறங்கினார். "நீங்க கூப்பிட்டீங்களே" என்றார். பரமசிவம் ஆயுசில் யாரிடமும் தப்பு என்று சொன்னவர் இல்லை. "ஆமா, கூப்பிட்டேன்" என்றார். பித்தளைக்குள்ளிருந்து வந்தால் எல்லாப் புருஷன் குரலும் ஒன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிடாததிலும் அதிசயம் இல்லை. அந்தக் காலத்தில் எவன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்? எல்லா வீட்டிலும் அவள் 'இந்தா' தான், 'இங்க பாரு' தான். ஆகவே, கோபித்துக்கொண்டு போயிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். அடுத்த செவ்வாய்க்குள் பதினொரு பேர். பதினொரு புருஷன்மாரும் ஆமா, கூப்பிட்டேன் என்றார்கள். இதை எழுதுகிறவன் அதில் ஒருவன். நாலு மணிக்குப் பாத்திரம் பேசும்போது எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்பதால், தினமும் அந்த நேரத்துக்குப் பதினொரு பேரும் முனையில் இருந்த டீக்கடைக்குப் போய்விடுவோம்.

ருக்கையா மட்டும் வரவில்லை. கையூம் இன்னும் ஒரு வால்வு தேடிச் சுங்கை ரோட்டுக்குப் போனார். குரலில் இருந்த சளி அழுகையாக மாறிக்கொண்டிருந்தது. டீயை ஊதிக்கொண்டே அதைக் கேட்டோம், வெட்கமாகத்தான் இருந்தது. அப்போது, தஞ்சோங் பகாரிலிருந்து திரும்பி வந்தவர்களில் ஒருத்தியான முத்தாயி, புருஷன் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த கடிகாரத்தை வாங்க வந்த இடத்தில் விஷயத்தைச் சொன்னார். பதுருன்னிசா வீட்டுக் குடமும் தினமும் பேசுகிறதாம், நன்றாகவே கேட்கிறதாம். ருக்கையா கையில் அகப்பையோடு நின்று முழுக்கக் கேட்பாராம். "கேட்டுட்டு என்ன சொல்லிச்சு?" என்றார் கையூம்.

"யாரோ நல்ல மனுசன், அவன் பொண்டாட்டி கொடுத்து வச்சவள்னு சொல்லிச்சு பாய்" என்றார் முத்தாயி.

கையூம் வால்வைக் கீழே வைத்தார். குறைந்தது சக்தி அல்ல, ஒரே ஒரு சொல். நிக்காஹ் அன்று காஜியார் அந்தப் பெயரைச் சொன்னார், இவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு பதினொரு வருஷத்தில் ஒருநாளும் அது அவர் வாயில் வந்ததில்லை. கடையில் தனியாக உட்கார்ந்து மெல்லச் சொல்லிப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒரு நொடி நின்று, பிறகு ஓடின.

கையூம் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறார் என்ற விஷயம் எங்கள் காதுக்கு வந்தது. அவர் பெயரைச் சொல்லிவிட்டால், அந்த மன்னிப்பு யாருடையது என்று பதினொரு வீட்டிலும் தெரிந்துபோகும். பரமசிவம் தலைமையில் போய் நின்றோம். ஊர் நன்மை, குடும்ப கௌரவம் என்றெல்லாம் பரமசிவம் பேசினார். வேண்டுமானால் பெயருக்குப் பதிலாக அண்டாவின் அடையாளத்தைச் சொல்லலாமே என்று யோசனை சொன்னது நான்தான். கையூம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பதினோரு வீட்டுக்கும் ஆள் வந்தாச்சு. என் வீட்டுக்கு வரலையே" என்றார். நாங்கள் டீக்கடைக்கு நடந்தோம்.

அன்று நாலு மணிக்கு, சிங்கப்பூர்த் தீவில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம், "ருக்கையா, நான் கையூம். உன் ரேடியோவைக் கழட்டினது தப்பு. அண்டாவைப் புதைச்சதும் தப்பு. வந்துடு ருக்கையா" என்றன. டீக்கடைப் பால் சொம்பும் சொன்னது. டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினோம். மங்களம் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "அடுத்த பஸ் அஞ்சரைக்கு. அதுக்குள்ள சொல்றதா இருந்தா சொல்லுங்க" என்றார். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய அதே பேச்சுதான். நேரில் சொல்லத் தைரியம் இருந்தவன் ஒருத்தனும் இல்லை. கையூம் கடை வாசலில் வரிசை பிடித்தோம். பரமசிவம் முதல் ஆளாக மைக்கைப் பிடித்து, வியர்த்து, இருமி, "மங்களம்" என்றார். எதிர்வரிசையில் அவர் வீட்டுக் குடம் அதையே சொன்னது. பெட்டி உள்ளே போனது.

நான் ஏழாவது. எனக்கு முன்னால் ஆறு பேர் முடித்திருந்தபோது ருக்கையா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையூமைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது, இவருக்கும்தான். "என் அண்டா எங்க?" என்று கேட்டார். மண்ணுக்குள் இருக்கிறது என்றார் கையூம். "தோண்டி எடுங்க. பஸ்ல ஒரே புழுதி, குளிக்கணும்." இன்னும் அஞ்சு பேர்தான், ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று நான் கெஞ்சினேன். கையூம் அதற்குள் மண்வெட்டியோடு பின்கட்டுக்குப் போய்விட்டார். அண்டா வெளியே வந்ததும், குரல் பழையபடி பரமசிவத்தின் ரேடியோவோடு நின்றுபோனது. மிச்சம் இருந்த அஞ்சு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நான் அடுப்படி வாசலில் வெகுநேரம் நின்றேன். பிறகு, "ரத்தினம்மா" என்றேன். "கேக்குது, சொல்லுங்க" என்றாள் அவள்.

டிரான்ஸ்பார்மர் பழையபடி ரேடியோவுக்குள் போனது. பிஸ்கட் டின்னில் அதற்குப் பிறகு பிஸ்கட் இருந்தது. அண்டா மட்டும் பழக்கத்தை விடவில்லை. தினமும் நாலு மணிக்கு, வெந்நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ருக்கையா என்று ஒரு தடவை கூப்பிடும். வர்றேன் என்று அவர் பதில் சொல்லுவார். நாடு மலேசியாவில் சேர்ந்தது, பிரிந்தது, தெருவில் பாதிப்பேர் புது அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அண்டா கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. 1968இல் கையூம், கடையில் ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்துவைத்தபடியே, இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் எங்களில் சிலர் ருக்கையாவைப் பார்க்கப் போயிருந்தோம். உட்கார்ந்திருந்தபோது, பின்கட்டிலிருந்து அண்டா கூப்பிட்டது. ருக்கையா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவரும் அதுவரை தன் புருஷன் பெயரை வாயால் சொன்னவர் இல்லை.

"வர்றேன் கையூம், ஆள் வந்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். மணி நாலு என்று தெரிந்ததால் நாங்கள் எழுந்து டீ குடிக்கப் போனோம்.