சொதியில் நீந்திய ஐந்து காய்

டாக்டர் காய் தின்னத்தான் சொன்னார். ஐயம்பெருமாளும் வேளை தவறாமல் இலை போட்டுத் தின்றுகொண்டுதான் இருந்தார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நெஞ்சுவலியோடு கிடந்துவிட்டு வந்த மனுஷன். கல்யாண வீடுகளில் சமைக்கும் தவசுப்பிள்ளை. மறுவீட்டுப் பந்தியில் அவர் சொதி வைத்தால் சம்பந்திகள் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

மகள் சித்ரலேகா அந்த வீட்டின் முதல் பட்டதாரி. களக்காட்டில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இவரை நம்பி எப்படிப் போவது? சனிக்கிழமை மத்தியானம் சொதிச் சட்டியை எட்டிப் பார்த்தாள். கேரட், பீன்ஸ், முருங்கை, உருளை, பட்டாணி எல்லாம் தேங்காய்ப்பாலில் நீச்சலடித்தன.

“எத்தன தேங்காப்பா?”

“மூணுதான். நீ காயை எண்ணுட்டி. டாக்டர் அஞ்சுன்னாரு, அஞ்சு கெடக்கு.”

“டாக்டர் சொன்ன பழம்?”

“அங்கன மூடி வச்சிருக்கேன்.”

திறந்தாள். நெய்யில் பொரிந்த நேந்திரம்பழம் கருப்பட்டிப் பாகில் குளித்துக்கொண்டிருந்தது.

“நானும் சொல்லிப் பாத்துட்டேன்” என்றாள் அம்மா நீலாம்பாள், வாயில் ஒரு துண்டோடு.

கொழுப்பு, ரத்தக்குழாய் என்று சித்ரலேகா படம் போட்டே விளக்கியாகிவிட்டது. அழகாகத் தலையாட்டியிருந்தார். இப்போது அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

“ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. தேங்கா இல்லாம ஒங்களுக்குச் சமைக்கத் தெரியாது.”

கரண்டி நின்றது. “யாருக்கு?”

“தவசுப்பிள்ளைக்குத்தான். நெய்யும் தேங்காயும் குடுத்தா நானே வைப்பேன்.”

“நீயா. நீ வெந்நி வச்சாலே அடிபிடிக்கும்.”

சொதி முழுக்க அன்றே தெருக்காரர்களுக்குப் பங்கு போனது. ஞாயிறு பூராவும் ஐயம்பெருமாள் அடுக்களைக்குள் யாரையும் விடவில்லை. இஞ்சியும் மிளகும் மணத்த மணத்தில் தெருவே தும்மியது.

திங்கள் காலை பஸ் ஜன்னலுக்குப் பைய நடந்து வந்து தூக்குவாளியை நீட்டினார்.

“அவரைக்கா, சொரைக்கா. தேங்கா ஒரு சில்லு கெடையாது, நெய் ஒரு சொட்டு கெடையாது. நேத்து நானே ரெண்டு தரம் வாங்கிச் சாப்புட்டேன். தின்னுட்டுச் சொல்லு.”

ஒரு வாய் வைத்தாள். “உப்புக் கம்மி.”

“அதுவும் டாக்டர் சொன்னதுதாம்ட்டி” என்று பஸ்ஸே கேட்கக் கத்தினார். ஓட்டுநர்கூடச் சிரித்தார்.

நாங்குநேரி வருவதற்குள் வாளியை வழித்து நக்கியாகிவிட்டது. இவ்வளவு கைமணத்தை வைத்துக்கொண்டா இத்தனை நாள் தேங்காயைப் பிழிந்தார் என்று அவளுக்கு மறுபடி கோபம் வந்தது. விரலைச் சப்பிக்கொண்டே சிரிப்பும் வந்தது.

போனதும் ‘சுமார்தான்’ என்று கடிதம் போட வேண்டும். அப்போதுதான் மனுஷன் ரோஷத்தில் தினமும் இதையே விடாமல் வைப்பார்.