மாத்திரைக்கு முந்தைய மாதங்கள்

கட்டுரை அச்சேறினால் எழுதியவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். ஓடென்ஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில் அதுதான் வழக்கம். இந்த வருஷம் தீராவே கொண்டுவந்துகொண்டிருந்தாள். சிசெலுக்கு வயிறு எரிந்தது. கேக்கையும் விடாமல் தின்றாள்.

எரியாதா? நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு, மருந்துச்சீட்டுப் பதிவேடு, இறப்புப் பதிவேடு எல்லாவற்றையும் ஒவ்வொருவரின் குடிமக்கள் எண்ணை வைத்துக் கோத்துக் கொடுத்தவள் சிசெல். அனுமதிக்கு அலைந்தே தலை நரைத்தது. நேற்று வந்த தீரா அந்தத் தரவின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். பேராசிரியர் ஹென்னிங் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். சிசெலுக்கு மிஞ்சியது ஒரே பெயர்தான்: அவள் கண்ணுக்குத் தப்பி எந்தப் பிழையும் போகாது.

கோபன்ஹேகன் மாநாட்டில் தீரா இதை அறிவிக்க வேண்டும்; அதற்கு முந்தைய வாரம் தன் கணக்கைத் தூக்கிக்கொண்டு சிசெலிடமே வந்தாள்.

"சிசெல், ஒரு தடவை பாத்துடுங்களேன். நீங்க சரின்னு சொன்னாதான் எனக்குத் தூக்கம் வரும்."

"அவ்ளோ பெரிய கெட்டிக்காரிக்கு என் தயவு எதுக்கு?"

"கிண்டல் பண்ணாதீங்க. ஹென்னிங் வேற ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டார்."

பார்த்ததுமே பிழை தெரிந்தது. நோய் கண்டு இரண்டு வருஷம் கழித்து மாத்திரை தொடங்கியவருக்கு, அந்த இரண்டு வருஷத்தையும் மாத்திரையின் கணக்கிலேயே எழுதியிருந்தாள். அதுவரை உயிரோடு இருந்ததால்தானே அவர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூட்டத்தில் சேர்ந்தார்? அதற்குள் செத்தவர்களெல்லாம் மாத்திரை சாப்பிடாதவர்கள் பக்கம். பிறகு மாத்திரை ஆயுளைக் கூட்டாமல் என்ன செய்யும்?

சொல்லியிருக்கலாம். ஆனால் நிரம்பிய அரங்கில் யாராவது ஒரு ஸ்வீடன்காரர் எழுந்து இதைக் கேட்க வேண்டும், தீராவின் முகம் செத்துப்போவதைத் தான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே கோபன்ஹேகனுக்கு ரயிலேறிப் போய் முன்வரிசையில் இடம் பிடித்தாள். தீரா மேடையேறினாள்.

"நான் சொல்ல வந்த முடிவு தப்பு" என்றுதான் தொடங்கினாள். "நேத்து ரயில்ல வரும்போது திரும்பப் பாத்தேன். மாத்திரைக்கு முந்தின மாசங்களையும் மாத்திரைக்கே கொடுத்துட்டேன். சரியாப் போட்டா மாத்திரையால ஒரு பலனும் இல்ல. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்."

அரங்கம் கைதட்டியது. ஹென்னிங் எழுந்து நின்றே தட்டினார். சிசெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்புச் செய்தாலும் இவளுக்குத்தான் கைதட்டலா?

தீரா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அதில் வஞ்சமே இல்லை.

"இந்தப் பிழை எவ்ளோ சுலபமா ஏமாத்தும்னா, எங்க சிசெல் கண்ணுக்கே தப்பிடுச்சு."

எல்லாரும் திரும்பினார்கள். தப்பவில்லை, பார்த்தேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஹென்னிங் கைதட்டுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிசெல் வாயை மூடிக்கொண்டு, பிழையை நிஜமாகவே தவறவிட்டவளைப் போலத் தலையை ஆட்டினாள்.