கூடத்தில் சொன்ன வார்த்தை

கடைசிக் காலத்தில் என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒவ்வொருவரிடமும் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும் என்பது நர்ஸ் ஒதீலியாவின் கட்சி. அந்த முதியோர் இல்லத்தின் புது இயக்குநர் தியோகுவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மதியம் கோஸ் சூப் முடிந்து, பட்டைத்தூள் தூவிய பாயசம் பாதியில் இருக்கும்போதே, கூடத்தில் எல்லாரையும் வைத்துக் கேட்டுவிட்டார். நிலைமை மோசமானால் மூக்கில் குழாய் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்பவர்கள் சொல்லலாம்.

போர்த்துக்கல் மலைக்காரர்களிடம் சபையில் வைத்து இப்படிக் கேட்டால், யாருக்குத் தைரியம் அதிகம் என்று ஏலம்தான் நடக்கும். நடந்தது.

தையல்காரி கஸிமிரா முதலில் எழுந்தாள். “எனக்குக் குழாயெல்லாம் வேண்டாம். சவப்பெட்டியில படுக்கும்போது போட்டுக்கிற கறுப்பு கவுனைக்கூட இஸ்திரி போட்டு வெச்சாச்சு.”

சீட்டாட்டத்தில் தினமும் அவளிடம் தோற்கும் பெல்மிரோவுக்குப் பொறுக்குமா? அந்த ஊரில் ஆம்புலன்ஸும் தீயணைப்புப் படையுடையதுதான்; அதை ஓட்டியே கிழவரானவர். “குழாய் மட்டுமா? ஊசியும் வேண்டாம், ஆக்ஸிஜனும் வேண்டாம். ஆம்புலன்ஸ்ல என்னை ஏத்துனீங்க, எந்திரிச்சு உதைப்பேன்!”

ஒரே கைதட்டல். சாவுக்கு அஞ்சாத இல்லம் என்று மேலிடத்தில் பெருமையடிக்கலாமே என்று தியோகுவுக்கு முகமெல்லாம் பல். கைதட்டாதவள் ஒதீலியா ஒருத்திதான். பேசி முடித்து உட்கார்ந்த பெல்மிரோ அடுத்த கரண்டிப் பாயசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள்.

குளிர் தொடங்கியதும் பெல்மிரோவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. உதடு நீலம் பாரித்துவிட்டது.

“அவர்தான் எதுவும் வேண்டாம்னாரே சிஸ்டர். சபையே சாட்சி” என்றார் தியோகு.

“அது கஸிமிராவுக்குச் சொன்னது சார். எனக்கு இன்னும் சொல்லல.”

அவள் பெல்மிரோவின் அறைக்குப் போனபோது வாசலை அடைத்துக்கொண்டு சீட்டாட்டக் கோஷ்டி நின்றது. கையில் சீட்டு வேறு.

“பெல்மிரோ ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?”

அவர் வாசலைப் பார்த்தார். “வேண்டாம்னா… வேண்டாம்தான்.”

ஒதீலியா கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். “இப்ப சொல்லுங்க. எதுவானாலும் சரி. போகலைன்னா மூச்சு முட்டாம பாத்துக்கிறேன், பக்கத்துலயே இருக்கேன்.”

கிழவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “கூப்பிடும்மா. பயமா இருக்கு. ஆனா நீதான் கட்டாயப்படுத்துனதா இருக்கணும்.”

தியோகுவின் காதில் மட்டும் உண்மையைப் போட்டாள். கூடத்துக்குக் கேட்கும்படி, “யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன், அனுப்பத்தான் போறேன்!” என்று கத்தினாள்.

“விடுடி ராட்சசி!” என்று இருமலுக்கு நடுவே திட்டிக்கொண்டே, ஸ்ட்ரெச்சர் பெல்ட்டைப் பெல்மிரோ தானே மாட்டிக்கொண்டார். “தலைமாட்டை உயர்த்துங்கடா, மூச்சு விட வேண்டாமா?”

வண்டி கிளம்பியதும் யாரோ ஒதீலியாவின் முழங்கையைக் கிள்ளினார்கள். கஸிமிரா.

“எனக்கு வந்தாலும் நீ இப்படித்தான் ராட்சசியா நிக்கணும், என்ன?”

“நீங்க வேண்டாம்னுதானே சொன்னீங்க?”

“அடிப் பைத்தியமே! அது கூடத்துல சொன்னதுடி.”

ஒதீலியா அவளை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. மற்ற சீட்டாட்டக்காரர்கள்தான், வேறு யார்? ஒதீலியா அறையிலிருந்த ரேடியோவை முழுச் சத்தத்தில் திருப்பி வைத்துவிட்டு, “இப்ப சொல்லுங்க” என்றாள்.