பிரவீன்குமாரின் எபுரோனியர்

சாம்சன் ஏணியில் நின்று கண்ணீர் அஞ்சலி பேனரைக் கட்டிக்கொண்டிருந்தபோது ரகுபதி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். கையில் மாலை. அவர் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர். பிரவீன்குமாரை வேலைக்கு எடுத்தவர் அவர்தான்.

மாலையை ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உடனே வெளியே வந்தார். பேனரை நிமிர்ந்து பார்த்தார். பிரவீனின் படம், பெயர், வயது இருபத்தெட்டு. கீழே கம்பெனியின் பெயரும் சின்னமும், 'பிரஸ் ஷாப் நண்பர்கள்' என்ற வரியும்.

"சாம்சா, கம்பெனி பேர மட்டும் எடுத்துடுப்பா."

"ஏன் சார்?"

"அவன் ரோல்லயே இல்ல. காண்ட்ராக்ட். யாராச்சும் போட்டோ புடிச்சி குரூப்ல போட்டா எனக்கு மெமோ வரும்."

"அப்ப ஆறு வருசமா அந்த மிஷின ஓட்டினது யாரு சார், பேயா?"

"நான் இன்னாடா பண்றது? மேல கேக்கறாங்க. பேரும் வயசும் இருந்தா போதும், உடு."

பிரவீனின் தங்கை தேவிப்பிரியா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை பிரவீன் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினான். ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். இறங்கும் இடம் வந்தால் பக்கத்து ஆள் எழுப்புவான். பிரவீன் இறங்க வேண்டிய சேரப்பணஞ்சேரி வந்தபோது பக்கத்து சீட்டில் இருந்த சாம்சன் எழுப்பவில்லை. டபுள் ஷிப்ட் பார்த்திருக்கிறான், தூங்கட்டும், பஸ் இதே வழியாகத்தானே திரும்பி வரும் என்று நினைத்தான். மணிமங்கலத்தில் தான் இறங்கும்போது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோளைத் தொட்டான். இருதயம் என்றார் டாக்டர். ஏறிய கொஞ்ச நேரத்திலேயே போயிருக்கலாம் என்றார்.

அப்போதிலிருந்து சாம்சன் எங்கும் உட்காரவில்லை.

அப்பா பச்சையப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ரகுபதியைக் கும்பிட்டார்.

"எடுத்துடு சாம்சா. புள்ள போற நேரத்துல சண்ட வாணாம்."

பேரும் வயசும். தேவி உள்ளே திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது.

பிரவீன் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தான். கடைசியாக ஓர் ஆய்வேடு. எபுரோனியர் என்று ஒரு பழங்குடி. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். தங்கள் நாட்டில் வந்து தங்கிய ரோமானியப் படையை ஒரு குளிர்காலத்தில் அழித்தார்கள். மறுவருடம் சீசர் சுற்றியிருந்த குடிகளையெல்லாம் கூப்பிட்டான். யார் வேண்டுமானாலும் வந்து கொள்ளையடிக்கலாம், அவர்களுடைய பேரே மிஞ்சக் கூடாது என்றான்.

அம்மா சோறு போடும்போது கேட்பாள். "இன்னிக்கி எவன்டா செத்தான் உன் ரோமுல?"

"எல்லாரும் செத்துட்டாங்கமா. கொழம்பு ஊத்து."

ஒருமுறை தேவியிடம் சொன்னான். "அவங்க எழுதின ஒரு வரி கூட இல்ல தேவி. அழிச்சவன் எழுதினதுதான் நம்மகிட்ட கீது."

தேவி வேதியியல் படித்தவள். "அப்ப அவன் சொல்றது நெசமான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"அதான்" என்றான். பிறகு சாப்பிட்டான்.

"கம்பெனி பேர கட் பண்ணிடுங்க" என்றாள் தேவி. யாருக்கும் கேட்கவில்லை. படியிறங்கி வந்து மறுபடி சொன்னாள்.

சாம்சன் ஏணியிலிருந்து பார்த்தான். "நீயுமா?"

அவள் உள்ளே போய் பிளேடு கொண்டுவந்தாள். கூடவே ஒரு தாள். திங்கட்கிழமை கொடுப்பதற்காக ஸ்பைரல் போட்டு வைத்திருந்த ஆய்வேட்டின் முதல் பக்கம்.

"அந்த எடத்துல இத ஒட்டுங்கண்ணா."

'ரோமானியப் படையெடுப்பில் எபுரோனியர்: ஒரு பழங்குடியின் வரலாறு. எழுதியவர் ப. பிரவீன்குமார்.'

ரகுபதி இரண்டு முறை படித்தார். தலையைச் சொறிந்தார். அதில் கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவ்வளவு பெரிய பேனரில் அந்தத் தாள் சின்னதாக இருந்தது. கிட்டே போனால்தான் படிக்க முடியும். வந்தவர்கள் கிட்டே போனார்கள்.

"யாருப்பா இவங்க?" என்று பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார். "நம்ம பங்காளிங்களா?"

சாம்சன் டேப்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தான். "அவன் ஆளுங்க பெரிப்பா."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். அம்மாவை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். மேளம் ஏரிப் பக்கம் போய், திரும்பி, கேட்காமல் ஆனது.

தலைக்குக் குளித்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு தேவி ஈரத் தரையில் உட்கார்ந்து அந்த ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் தாள் போனதால் இரண்டாவது பக்கம் மேலே இருந்தது. 'நன்றியுரை' என்று தலைப்பு. கீழே ஒன்றும் இல்லை. கடைசியில் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்க வேண்டும்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அது இன்னாது?"

"அண்ணன் எழுதினது."

அம்மா கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதைத் தொட்டாள்.

"என் பேரு அதுல கீதாடி?"

"கீதுமா."

"எங்க?"

தேவி பக்கங்களைத் தள்ளினாள். எழுத்து நிறைந்த ஒரு பக்கம் வந்தது. ஒரு வரியின் மேல் அம்மாவின் விரலை எடுத்து வைத்தாள்.

'எபுரோனியத் தாய்மார் தம் பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை.'

அம்மா விரலை மெல்ல நகர்த்தினாள். வரியின் கடைசி எழுத்துவரை போனாள். பிறகு மறுபடி முதல் எழுத்துக்கு வந்தாள்.