மூன்றாம் வளைவின் முதலை

அடர்காட்டு ஆற்றங்கரையில் மரக்கால்களின்மேல் நிற்கும் அந்த விடுதியில், வழிகாட்டிக்கு ராசிக்காரர் என்று பெயர் வைத்தவர்கள் விருந்தாளிகள்தான். மற்றவர்களின் படகில் ஏறினால் கொசுக்கடியும் மழையும்தான் மிச்சம். இவர் படகில் ஏறினால் மூன்றாவது வளைவில் முதலை நிச்சயம்.

ராசியாவது மண்ணாங்கட்டியாவது! இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் மீன் தலைகளைப் போட்டு ஒரு முதலையைப் பழக்கி வைத்திருந்தார் மனுஷன். துடுப்புப் பிடி தவறி இடித்ததுபோலப் படகின் தகர விளிம்பில் நாலு தட்டு. தண்ணீருக்குமேல் இரண்டு கண்கள் எழும்பும். விருந்தாளிகள் வாயைப் பிளப்பார்கள். விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று வாசலில் பலகை எழுதி மாட்டியதும் இதே மகராசன்தான்.

அவர் மனைவியும் மச்சினியும் அங்கேயே சமையலறையில் வேலை செய்தார்கள். போன வாரம் மச்சினி படித்துறையில் உட்கார்ந்து, அடிப்பிடித்த அண்டாவைக் கல்லில் நங்கு நங்கென்று தட்டினாள். முதலை வந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

சத்தத்தைக் கேட்டுத்தான் அது வந்தது என்று ராசிக்காரருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. சொன்னாரா? மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை போகும், மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். பாவி, கல்லுளிமங்கனாக இருந்தார்.

வனத்துறை ஆட்கள் இருவர் துப்பாக்கியோடு வந்தார்கள். எதிர்க்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒன்றைச் சுட்டார்கள். அது வேறு முதலை. ராசிக்காரருக்கு மட்டும் தெரியும்.

"முடிஞ்சுதுப்பா. நாளைலேருந்து படித்துறையிலயே பாத்திரம் கழுவலாம்" என்றார் மேலாளர்.

மறுநாள் காலை தங்கையின் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் மனைவி, அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். ராசிக்காரர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

"இறங்காதே. அவங்க சுட்டது அது இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அவள் இடுப்பிலிருந்த அண்டாவை வாங்கிக் கீழே வைத்தார். கிளம்பத் தயாராக இருந்த வனத்துறை ஆட்களைக் கெஞ்சிப் படகில் ஏற்றினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் மனைவி கேட்கவில்லை. "என் தங்கச்சி கையைத் தின்னதை நான் பார்க்கணும்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

மூன்றாவது வளைவில் இன்ஜினை நிறுத்தினார். தட்டாமல் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு துடுப்பை எடுத்து விளிம்பில் நாலு முறை தட்டினார்.

அது வந்தது. நேராக அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக வந்து, வாயைப் பாதி திறந்து, மீனுக்காகக் காத்திருந்தது. பயப்படவில்லை. துப்பாக்கிக்காரருக்குக் குறி பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. ஒரே குண்டு. ராசிக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்காகவா, மச்சினிக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

தண்ணீர் கலங்கி அடங்கியது. மனைவி முதலையைப் பார்க்கவே இல்லை. அவர் கையிலிருந்த துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில அவ தினமும் அழறா" என்றாள் மெதுவாக. "நான்தான்க்கா அண்டாவைச் சத்தமா தட்டினேன், என் தப்புதான்னு சொல்லிச் சொல்லி அழறா. நீங்க பக்கத்துலயே உக்காந்து, ஆமாம்மா, இனிமே பார்த்து நடந்துக்கோன்னீங்களே."